சுயம்பு இல்லை, பாஞ்சாலை

செந்தாமரை வீட்டின் பின்பக்கத்தை முதல் முறை பார்க்கிறவர்கள் குப்பைமேடு என்றுதான் நினைப்பார்கள். புளியம்பழ ஓடு ஒரு குவியல், வேர்க்கட்டை ஒரு குவியல், கடுக்காய், சீத்தாப்பழ விதை, உலர்ந்த மூங்கில் மட்டை. ஜவ்வாது மலையில் கோடை தொடங்கினால் வீட்டுக்கு வீடு புளி உடைக்கும் சத்தம்தான். சதை கீழே இருக்கும் வியாபாரிக்குப் போகும். கொட்டையை வாங்கவும் ஆள் உண்டு. எவருக்கும் வேண்டாத ஓடுகள் மட்டும் அடுப்புக்குப் போகும். அந்த ஓடுகளைத்தான் செந்தாமரை பொறுக்கி வைத்தாள்.

சாமை விதைத்து, புளி உடைத்து, பிள்ளைகளைப் படிக்க அனுப்பிவிட்டு வாழும் நாற்பது வயதுப் பெண் அவள். பல வருடங்களுக்கு முன் ஒருநாள், கவிழ்ந்து கிடந்த புளியோட்டின் வளைவில், எறும்பு தின்னும் அழுங்கின் செதிலைக் கண்டாள். ஓடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வேப்பம்பிசினால் ஒட்டி, வேர்க்கட்டையின்மேல் போர்த்தி, சுருண்டு படுத்த அழுங்கு ஒன்றைச் செய்தாள். தெருநாய் அதைப் பார்த்து விடாமல் குரைத்தது.

"மொதல் பரிசு நாய் குடுத்துட்ச்சிடி" என்றாள் பக்கத்து வீட்டுப் பாஞ்சாலை. செந்தாமரையோடு சேர்ந்து புளி உடைப்பவள். வாயைத் திறந்தால் ஒருவரைக் குத்தாமல் மூடமாட்டாள்.

அன்று தொடங்கியது இன்றுவரை நிற்கவில்லை. ஆணி கிடையாது, பெயிண்ட் கிடையாது. கறுப்பு வேண்டுமென்றால் கறுப்பாக விளைந்த விதையைத் தேடி ஓடைக்கரை முழுக்க நடப்பாள். இணைப்புக்கு ஆணிபோல் சீவிய மூங்கில் முளை, கட்டுக்குக் கத்தாழை நார். கை ஒரு விரற்கடை தவறினாலும் பிரித்துவிட்டு மறுபடி தொடங்குவாள். எந்தக் கல்லூரியும் அவளுக்கு இதைக் கற்றுத்தரவில்லை. தன் கண்ணையே கடிந்துகொண்டு கற்றாள்.

அந்த அழுங்கை வேலூரில் ஒரு கடைக்காரர் வாங்கிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார். கீழே 'மலைவாழ் மக்கள் கைவினை' என்று அட்டை. மலைவாழ் மக்கள் அத்தனை பேரும் வட்டமாக உட்கார்ந்து ஒரு அழுங்கைச் செய்தார்களா? நகரத்தில் ஒருவன் நாலு கோடு கிழித்தால் மூலையில் அவன் கையெழுத்து இருக்கும். மலையில் ஒருத்தி மாதக்கணக்கில் கண்விழித்துச் செய்தால் அது கூட்டத்தின் பொதுச்சொத்தாகிவிடும். செந்தாமரையால் அந்த அட்டையை மறக்க முடியவில்லை.

அதனால்தான் ஒடுகத்தூர்க் கல்யாண மண்டபத்தில் கைவினைக் கண்காட்சி என்று கேள்விப்பட்டதும், பொறுப்பாளர் ஜீவானந்தத்துக்குப் போன் போட்டு அவள் கேட்ட முதல் கேள்வி, "பேரு போடுவீங்களா?"

"போடுறோம்மா. தேர்வாகிற பொருள் உங்க பேரோடவே சென்னைக்குப் போகும்" என்றார் அவர்.

அந்தக் கண்காட்சிக்காக அவள் பாஞ்சாலையைச் செய்தாள். காற்றில் சாய்ந்த புளியமரத்தின் வேரில் ஒரு முழங்கால் தெரிந்தது. மிச்சத்தை அவள் கை செய்தது. ஒரு காலைக் குத்திட்டு உட்கார்ந்த உடம்பு, புளியோட்டுச் சேலை, கத்தாழை நார்க் கொண்டை, சீத்தாப்பழ விதைக் கண்கள், இப்போதே யாரையோ திட்டப்போகிற மாதிரி இடப்பக்கம் கோணிய வாய். தூக்கிய வலது கையில் புளி தட்டும் கட்டை. உள்ளங்கையில் துளை போட்டு அதில் கட்டையைச் செருகியிருந்தாள்.

மண்டபத்தில் கோணிச் சாக்கைப் பிரித்தபோது கணவன் சின்னராசு கேட்டான்: "இன்னா, கை காலியா கீது? கட்டை எங்க?"

சாக்கில் கட்டும்போது உருவி வைத்ததை வீட்டிலேயே விட்டு வந்திருந்தார்கள். செந்தாமரை பாஞ்சாலைக்குப் போன் போட்டாள்.

"நாளைக்கு பஸ்ல எடுத்தாரேன்" என்றாள் பாஞ்சாலை. "என் மூஞ்சிய இன்னா கதிக்கு ஆக்கி வெச்சிக்கிறேன்னு நானும் பாக்கணும்ல."

ஒரு நாள்தானே என்று காலிக் கையோடே வைத்தார்கள். வினை அங்கேதான் பிறந்தது.

எதிர்க்கடையில் பூஜைச் சாமான் விற்க வந்திருந்தவர் படவேட்டுத் தாண்டவராயன். உருவத்தின் முன்னால் வந்தவர் அப்படியே நின்றார். செருப்பைக் கழற்றினார். தூக்கிய கை அவருக்கு அருள் தரும் கையாகத் தெரிந்தது.

"தாயே, வேர்லயே மொளச்சி வந்துக்கிறியே" என்றார். "இது சுயம்பு."

சுயம்பு என்றால் யாரும் செய்யாமல் தானாகத் தோன்றியது. கேட்ட கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. சாயங்காலத்துக்குள் நெற்றியில் குங்குமம், கழுத்தில் சாமந்தி மாலை. கட்டைக்காகப் போட்ட துளையில் ஊதுவத்தி புகைந்தது. வேலூர்க் கடைக்காரர் செந்தாமரையிடமிருந்து பெயரை மட்டும்தான் எடுத்தார். இவர் ஒரே சொல்லில் அவள் கையையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்.

யாரோ காலடியில் ஏற்றிய கற்பூரத்தை அவள் ஊதி அணைத்தாள். "காஞ்ச வேருங்க. பத்திக்கினா மண்டபமே போய்டும்."

"ரோட்டோரம் என் நெலம் கீதும்மா" என்றார் தாண்டவராயன். "கொட்டாய் போட்டு ஒக்கார வெச்சிடுறேன். நீ புண்ணியம் செஞ்சவ."

"நான் செஞ்சது புண்ணியம் இல்லண்ணே, பொம்மை."

திரும்பிப் பார்த்தால், அவள் தன் பெயர் எழுதி உருவத்தின் காலடியில் வைத்திருந்த அட்டையைக் காணோம். ஜீவானந்தத்திடம் ஓடினாள்.

"கூட்டத்தப் பாத்தீங்களா?" என்றார் அவர் பூரிப்போடு. "சாமிக்குக் கீழ ஆள் பேரு இருந்தா தப்புன்னு ஜனங்க சொல்றாங்க. நான்தான் எடுத்து வெச்சேன். அந்தப் பூஜைக் கடைக்காரரே கொண்டுபோகட்டுமே."

"அப்ப சென்னைக்கு?"

அவர் கண் வாசலில் சேரும் ஆட்களை எண்ணியது. மண்டபத்துக்குக் கூட்டம் வேண்டும். கூட்டத்துக்குச் சாமி வேண்டும். செய்தவள் யாருக்கும் வேண்டாம்.

"வுட்டுடு" என்றான் சின்னராசு, தாழ்ந்த குரலில். "கண்ணு கிண்ணு போய்டப் போவுது."

"அந்தக் கண்ணு ரெண்டும் சீத்தாப்பழ வெதை. தின்னுட்டுத் துப்பினது நீ."

சொல்லிவிட்டாளே தவிர அவளுக்கும் பயம்தான். அத்தனை பேர் கும்பிடுகிற ஒன்றைப் பொம்மை என்று உரக்கச் சொன்னால், அடித்துத் துரத்தமாட்டார்கள் என்று என்ன நிச்சயம்?

மறுநாள் காலை பாஞ்சாலை வந்தாள். ஒயர் கூடையில் கட்டை இருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தவளைத் தாண்டவராயன் கை நீட்டித் தடுத்தார்.

"ஏய், தள்ளி நில்லு. மலையிலேர்ந்து அப்படியே வந்துக்கிறியா? அந்தாண்ட போ."

வேரில் செய்த பாஞ்சாலைக்கு மாலை. ரத்தமும் சதையுமான பாஞ்சாலைக்கு வாசல். பக்தி என்று இந்த நாட்டில் எதைச் சொல்கிறார்கள் என்பது அந்த இரண்டடி இடைவெளியில் பச்சையாகத் தெரிந்தது.

செந்தாமரையின் பயம் போயிற்று. நேராகப் போய்ப் பாஞ்சாலையின் கையைப் பிடித்து இழுத்து வந்து உருவத்தின் பக்கத்தில் நிறுத்தினாள்.

"குந்துக்கா. புளி தட்டுற மாதிரி குந்து."

"இங்கயா? புடவை அழுக்காவும்டி."

"குந்துன்னா குந்து."

பாஞ்சாலை ஒரு காலைக் குத்திட்டு உட்கார்ந்தாள். கை தானாக உயர்ந்தது. இத்தனை பேர் பார்க்கிறார்களே என்ற எரிச்சலில் வாய் இடப்பக்கம் கோணியது.

பின்னால் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது.

செந்தாமரை ஊதுவத்தியைப் பிடுங்கினாள். உருவத்தின் வலது கையைத் திருகி உருவினாள். கூட்டத்திலிருந்து ஐயோ என்று குரல் வந்தது. கையின் அடியில் நீட்டிக்கொண்டிருந்த முளையை எல்லோருக்கும் காட்டினாள்.

"இது மூங்கில் முளை. நான் சீவினது. இது நார். நான் உரிச்சது. தானா எதுவும் மொளைக்கல." கையைத் திரும்பப் பொருத்தி, கூடையில் இருந்த கட்டையைத் துளையில் செருகினாள். "இப்ப பாருங்க."

அம்மன் எழுந்து போய்விட்டாள். புளி தட்டும் பாஞ்சாலை உட்கார்ந்திருந்தாள். நேற்று கும்பிட்டவர்கள் இன்றுதான் குனிந்து பார்த்தார்கள். ஓடுகளின் அடுக்கை, கழுத்துச் சுருக்கத்தை, அந்த வாயை. "அப்படியே கீதே" என்றார் ஒருவர்.

தாண்டவராயன் விடவில்லை. "ஆத்தா யார் ரூபத்துலயும் வருவா."

"அப்படியா?" என்றாள் பாஞ்சாலை, உட்கார்ந்தபடியே. "அப்ப தள்ளி நில்லுன்னு ஆத்தாகிட்டயா சொன்ன?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார்.

ஜீவானந்தம் மேசைக்கு அடியிலிருந்து அட்டையை எடுத்து வந்து, முகத்தைப் பார்க்காமல் நீட்டினார். செந்தாமரை அதை உருவத்தின் காலடியில் சாய்த்து வைத்தாள். பாஞ்சாலை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"புளி உடைக்கும் பெண். செய்தவர் செந்தாமரை." நிமிர்ந்தாள். "உன் பேரு கீது. என் பேரு எங்கடி?"

செந்தாமரைக்குச் சுருக்கென்றது. வேலூர் அட்டையைப் போலத்தான் அவளும் எழுதியிருந்தாள். ஜீவானந்தத்தின் பையிலிருந்த பேனாவைக் கேட்டு வாங்கினாள். 'புளி உடைக்கும் பெண்' என்பதை அடித்துவிட்டுப் பெரிய எழுத்தில் எழுதினாள்: பாஞ்சாலை.

"வாயி மட்டும் கோணலா கீது" என்றாள் பாஞ்சாலை.

"அது அப்படித்தான்க்கா."

இரண்டு பெயர்கள் எழுதிய அந்த அட்டையோடுதான் பாஞ்சாலை சென்னைக்குப் போனாள். அனுப்பும் முன் செந்தாமரை ஒரு காரியம் செய்தாள். கட்டையைக் கத்தாழை நாரால் கையோடு இறுகக் கட்டிவிட்டாள்.