மணத்த தண்ணீர்

எழுபதுகளின் நடுவில் சிட்னியில் ஒரு பாய்மரப் படகில் குடியிருந்தேன். பெரிய இடத்துப் பிள்ளை என்று நினைத்துவிட வேண்டாம். என்னோடு வேலை செய்த வெள்ளைக்காரர் ஒருவர் குடும்பத்தோடு இங்கிலாந்துக்குப் போனபோது, திரும்பும்வரை தன் படகைப் பார்த்துக்கொள் என்று சாவியைத் தந்துவிட்டுப் போனார். படகு இறங்குதுறையில் கட்டியபடியே கிடந்தது. பாயை விரிக்க எனக்குத் தெரியாது. வேலை முடிந்து வந்தால் பேச ஒருவருமில்லை. சனி, ஞாயிறில் வாயைத் திறப்பது சாப்பிட மட்டும்தான்.

அப்படியிருந்தவனுக்குக் கடையொன்றில் தமிழ்க் குரல் கேட்டால் எப்படியிருக்கும்? யாழ்ப்பாணத்துக் கணவன் மனைவி. வெட்கத்தை விட்டுப் பின்னாலேயே போய்ப் பேச்சுக் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை தேநீருக்கு அழைத்தேன். வந்தார்கள். இருவரையும் படகின் மேல்தட்டில் உட்காரவைத்தேன்.

"தம்பி ஊரிலை எவடம்?" என்று அந்த அக்கா கேட்டார்.

ஊரைச் சொன்னேன்.

"அங்கை எந்தப் பக்கம்?"

அதையும் சொன்னேன். எங்கள் ஆட்களுக்கு இந்த இரண்டாவது கேள்வி எதற்கென்று தெரியும். சாதியை வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள்; பக்கத்தைக் கேட்டே பிடித்துவிடுவார்கள். ஊரில் சிலர் சில வீடுகளில் பச்சைத் தண்ணீர்கூட வாயில் வைக்கமாட்டார்கள். எங்கள் வீடு அந்தச் சில வீடுகளில் ஒன்று.

"ஓ," என்றார் அக்கா. அவ்வளவுதான்.

தேநீரைக் கொடுத்துவிட்டுச் சீனி எடுக்கக் குசினிக்குள் இறங்கினேன். அங்கிருந்த சின்னச் சன்னல் வழியாக, அக்கா தன் கோப்பையைக் கடலுக்குள் கவிழ்ப்பது தெரிந்தது. இங்கேயும் அதேதானா என்று நினைத்தபடி சீனியை எடுத்தேன்.

மேலே வந்து என் கோப்பையை வாயில் வைத்தேன். அழுகிய முட்டை மணம்! தினமும் குடித்துப் பழகியதில் அதுவரை எனக்கு உறைக்கவேயில்லை. நாற்றத்துக்காக ஒரு மனிதன் அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்கமாட்டான். தண்ணீர்தான் காரணம், நான் இல்லை.

"வாற மாசம் வாறம் தம்பி," என்று சொல்லிப் போனார்கள்.

அதன்பிறகு என் சனிக்கிழமைகள் எல்லாம் படகின் தண்ணீர்த் தொட்டிக்கே போயின. கட்டிலுக்கடியில் இருந்த தொட்டியைக் கைப்பம்பால் அடித்து வற்றவைத்தேன். ஊரில் கிணறு இறைப்பதென்றால் அயலே திரண்டுவிடும். இங்கே நான் ஒருவன்தான். துளி பிளீச் கலந்து நிரப்பி, ஓர் இரவு விட்டு, இறைத்து, அலசி அலசி ஊற்றினேன். மணம் போகவில்லை. எரிச்சலில் தொட்டியை உதைத்துக் காலை நோகவைத்துக்கொண்டதுதான் மிச்சம். கடைசியில், தொட்டியிலிருந்து குழாய்க்கு வரும் ரப்பர் ஹோஸைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே சளிபோலக் கறுத்த பாசி. புது ஹோஸ் மாட்டியதும் தண்ணீர் தண்ணீராக வந்தது. இனி அக்கா குடிப்பார். குடித்துவிட்டால் என் மனதும் ஆறிவிடும்.

சொன்னபடியே வந்தார்கள். அக்காவின் கையில் ஒரு கூடை.

"தேத்தண்ணி நானே கொண்டு வந்தனான். தனிய இருக்கிற பிள்ளை, உமக்கேன் கரைச்சல்?"

கூடையிலிருந்து சுடுதண்ணிப் போத்தல் வெளியே வந்தது. கோப்பைகளும் வந்தன, எனக்கும் சேர்த்து. இஞ்சி போட்ட அருமையான தேநீர். அன்பில் கொண்டு வந்தாரா, இல்லை என் கைத்தண்ணீர் ஆகாதென்றா? முகத்தைப் பார்த்துப் பார்த்துக் களைத்துப்போனேன். இப்போது மணமில்லை என்று சொல்லவும் முடியாது. சொன்னால், அன்றைக்கு ஊற்றியதைப் பார்த்துவிட்டேன் என்றாகிவிடும்.

மனம் கேட்கவில்லை. "அக்கா, ஒரு வாய் தண்ணி?" என்றேன்.

"ஐயோ வேண்டாம் தம்பி, இப்பதானே குடிச்சனாங்கள்."

"போட்டு வாறம்," என்று இருவரும் சிரித்தபடி இறங்கிப் போனார்கள். நான் குசினிக்குள் போய் ஒரு கிளாஸ் நிறையப் பிடித்துக் குடித்தேன். நல்ல தண்ணீர். இன்னும் கொஞ்சம் நாறியிருக்கக்கூடாதா என்றிருந்தது.