அத்தை வீட்டு கேஸ்

எங்கள் வீட்டில் கேஸ் தீர்ந்ததே இல்லை. இதை ஒரு குறையாக வெளியே சொல்லியிருந்தால் அந்தக் காலத்தில் எங்கள் தெருவே என்னை அடிக்க வந்திருக்கும். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருஷங்களில் சிவகாசியில் சிலிண்டருக்குப் பதிந்துவிட்டு வாரக்கணக்கில் காத்துக் கிடப்பார்கள். காலி சிலிண்டரை வாசலுக்கு உருட்டி வந்து வைத்துவிட்டு, வண்டிக்காரர் ஸ்பேனரால் தட்டும் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் வீட்டுக்கு மட்டும் பதியாமலே வரும். மாட்டிய சிலிண்டர் பாதிகூட ஆகியிருக்காது, அடுத்தது வாசலில் நிற்கும்.

காரணம், ஏஜென்சி அத்தை வீட்டுடையது. அத்தை என்றால் அப்பாவின் கூடப் பிறந்த அக்கா. அப்பாவுக்கு விவரம் தெரிவதற்கு முன்பே அவருடைய அம்மா இறந்துவிட்டதால், தம்பியைக் குளிப்பாட்டி, சோறூட்டி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி வளர்த்தது எல்லாம் அத்தைதான். தனக்குக் கல்யாணமானபோது தம்பியையும் கூடவே கூட்டிக்கொண்டு போனார். அப்பா பிறகு எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் கணக்கு எழுதினார். சீசன் நேரத்தில் முதலாளியிடமே சத்தம் போட்டுப் பேசுவார் என்று அவருடன் வேலை பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அத்தை போன் செய்தால் எழுந்து நின்றுதான் பேசுவார்.

அம்மா காசு கொடுக்காமல் இருந்ததில்லை. ஒவ்வொரு முறையும் எடுத்து நீட்டுவாள். சிலிண்டர் இறக்க வருகிற அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு, "வாங்கக் கூடாதுன்னு பெரியம்மா சொல்லியிருக்காக" என்பார். அவருக்கு அத்தைதான் பெரியம்மா. சிலிண்டரை அடுப்படியில் இறக்கிவிட்டு அவர் சும்மா போவதும் கிடையாது. தண்ணீர் கேட்பார், குடித்துக்கொண்டே வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்ப்பார். மறுநாள் அத்தையிடமிருந்து போன் வரும்.

"என்ன தம்பி, புது பீரோ வாங்கியிருக்கீகளாம்ல? ஒரு வார்த்த சொல்லல?"

ஒரு தடவை என்னுடன் படித்த பெண்ணின் அண்ணன் அவளைக் கூட்டிப்போக வந்து முன்னறையில் உட்கார்ந்திருந்தான். அதற்கும் போன் வந்தது. அன்றிலிருந்து ஸ்பேனர் சத்தம் கேட்டாலே எனக்கு ஆத்திரமாக வரும். தெருவே அந்தச் சத்தத்துக்கு ஏங்குகிறது, நான் ஒருத்தி மட்டும் அதைக் கேட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பேன்.

அத்தைக்கு ஒரே மகன். நான் கல்லூரியில் கடைசி வருஷம் பி.காம். படித்துக்கொண்டிருந்தபோது பொங்கலுக்கு வந்த அத்தை, என் தலையைத் தடவி, "பரிச்ச முடியட்டும், சித்திரைல பேசி முடிச்சிருவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. முறைப் பையன், முறைப் பெண், இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

அத்தை மகன் கெட்டவர் இல்லை. இதைச் சொல்லிவிட வேண்டும். சாந்தமான மனுஷர். ஏஜென்சியின் குடோனைப் பார்த்துக்கொண்டார். எங்கள் வீட்டுக்கு வந்தால் டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டே கொடுத்ததைச் சாப்பிடுவார். எனக்கு அவர் வேண்டாம், அவ்வளவுதான். மதுரையில் விடுதியில் தங்கி எம்.காம். படிக்க வேண்டும், அங்கேயே ஒரு வேலைக்குப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நான் யார் வீட்டுப் பெண் என்று தெரியாதவர்கள் நடமாடும் தெருவில் ஒரு நாளாவது நடக்க வேண்டும் என்றும் ஆசைப்பட்டேன். அதை அம்மாவிடம் அழுதுகொண்டே சொன்னேன்.

அம்மா பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். அடுப்பைத் தணித்தாள். பிறகு, "அவுக அடுப்புல பொங்கித் தின்னுக்கிட்டே அவுகளுக்குப் பிள்ள இல்லைன்னு எப்பிடித்தா சொல்றது? மொதல்ல இந்தக் கேஸ விடணும். பெறகுதான் வாயத் தெறக்க முடியும்" என்றாள்.

இப்போது யோசித்தால் விசித்திரமாக இருக்கிறது. கல்யாணம் வேண்டாம் என்று ஒரு போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் எங்களைப் போன்ற வீடுகளில் அப்படி நேராகச் சொல்லும் வழக்கம் கிடையாது. முதலில் கொடுக்கல் வாங்கலைக் குறைப்பார்கள், போக்குவரத்தைக் குறைப்பார்கள். எதிராளியும் புரிந்துகொண்டு ஒதுங்கிவிடுவார். அம்மா அந்த வழியைத்தான் நம்பினாள். அம்மாவை நான் நம்பினேன்.

முதலில் கரண்ட் அடுப்புதான் வாங்கினாள். சுருள் கம்பி சிவக்கச் சிவக்க எரியும் அடுப்பு. கெட்ட நேரம், மின்வெட்டு ஊரைப் பிடித்து ஆட்டத் தொடங்கிய வருஷம் அது. அரிசி பாதி வெந்திருக்கும்போது கரண்ட் போகும். மறுபடி வரும்போது சோறு கஞ்சியாகியிருக்கும். அப்பா தட்டைப் பார்ப்பார், அம்மாவைப் பார்ப்பார், பிறகு பிசைவார். மூலையில் அத்தை வீட்டு சிலிண்டர் நிறைமாதக்காரி மாதிரி உட்கார்ந்திருக்கும்.

கரண்ட்டை நாங்கள் வாய் நிறையத் திட்டினோம். தெருவே திட்டியது. அது ஒரு சுகம். கரண்ட் அரசாங்கத்துடையது, அரசாங்கம் நமக்குச் சொந்தக்காரர் இல்லை. எவ்வளவு திட்டினாலும் கல்யாண வீட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகாது. பில்லைக் கட்டினால் கணக்கு முடிந்தது, பெண்ணைக் கொடு என்று வந்து நிற்காது. வேறு இடத்தில் வாங்க முடியாதுதான். ஆனாலும் அதனிடம் எனக்குப் பயமில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஊருக்குள் வேறொரு கம்பெனியின் கேஸ் ஏஜென்சி திறந்தார்கள். சிபாரிசு வேண்டாம், எழுதிக் கொடுத்தால் இணைப்பு தருகிறார்கள் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். அம்மா அன்றைக்கே அப்பாவிடம் பேச்செடுத்தாள். பட்டாசுக் கம்பெனி ஆளுக்கே உரிய பழக்கத்தில் அப்பா அடுப்புக்குப் பின்னால் குனிந்து டியூபை மோந்து பார்த்துக்கொண்டிருந்தார். கேஸ் கசிகிறதா என்று தினமும் பார்ப்பார்.

"இங்க பாருங்க, நம்மளும் ஊரோட ஒத்து வரிசைல நின்னு வாங்குவோம். வந்தா வருது, வராட்டி போகுது."

அப்பா நிமிரவே இல்லை. "எங்க அக்கா குடுக்கத வேணாம்னு சொல்லச் சொல்றியா?"

"வேணாம்னு எங்க சொன்னேன்? வேற எடத்துல வாங்குவோம்னுதான சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதான். ஒனக்கே தெரியும்."

தெரியும்தான். அப்பாவுக்கும் தெரிந்திருந்தது. நான் மதுரைக்குப் போக ஆசைப்படுவதும் அவருக்குத் தெரியும். கதவருகே நின்றிருந்த என்னை அவர் ஒரு முறைகூட ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஒரு பார்வை பார்த்திருந்தால் என்னைப் பிடித்துக் கொடுப்பது அவருக்குக் கஷ்டமாகியிருக்கும் என்று இப்போதும் நினைக்கிறேன். அன்றைக்கு அவரை நான் வெறுத்தேன்.

அப்பா கம்பெனிக்குப் போன பிறகு அம்மாவும் நானும் புது ஏஜென்சிக்குப் போனோம். பெயிண்ட் வாடைகூடப் போகாத கடை. மேஜைக்குப் பின்னால் இருந்தவர் மரியாதையாக உட்காரச் சொல்லி, எங்கள் ரேஷன் கார்டை வாங்கிப் புரட்டினார். கேஸ் இணைப்பு உள்ள வீடு என்று காட்ட அதில் ஒரு முத்திரை குத்தியிருப்பார்கள். அவர் அதில் விரலை வைத்தார்.

"ஏற்கெனவே கேஸ் இருக்குங்கம்மா. பழைய ஏஜென்சில இணைப்ப ஒப்படைச்சிட்டு, அவுக இந்த முத்திரைய ரத்து செஞ்சு குடுக்கணும். அது இல்லாம நாங்க தர முடியாது."

"அவுக குடுக்காட்டி?"

அவர் சிரித்தார். "அதெப்படிங்கம்மா குடுக்காம இருப்பாக? நீங்க என்ன அவுக சொந்தமா?"

யாரிடமிருந்து விலகப் பார்க்கிறோமோ அவர்களிடமே போய், விலகலாம் என்று கையெழுத்து வாங்க வேண்டும். எனக்கு அங்கேயே நம்பிக்கை போய்விட்டது. அம்மாவுக்குப் போகவில்லை. "வா" என்று விறுவிறுவென்று நடந்தாள். அவளுடைய வேகத்துக்கு நான் ஓட வேண்டியிருந்தது.

அத்தை வீட்டு ஏஜென்சியில் காலை நேரக் கூட்டம். மாமா, அதாவது அத்தையின் கணவர், கல்லாவில் இருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்துவிட்டார். "வாங்க தங்கச்சி, வாத்தா" என்று நாற்காலி போட்டு, டீ வாங்கி வரச் சொன்னார். அம்மா உட்காரவில்லை. வரும்போது என்னென்ன சொல்ல வேண்டும் என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தவள், கடைசியில் ஒரே மூச்சில், "அண்ணே, கேஸ வேற எடத்துக்கு மாத்தலாம்னு இருக்கோம்" என்று மட்டும் சொன்னாள்.

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். அவர் கடகடவென்று சிரித்தார்.

"ஒரே வீட்டுக்குள்ள எங்கனயாச்சும் கேஸ் மாத்துவாகளா தங்கச்சி?" என்றவர், வரிசையில் நின்றவர்கள் பக்கம் திரும்பினார். "நம்ம மருமகதான். படிப்பு முடியப் போகுது. இனி நம்ம கடைக் கணக்கெல்லாம் இவதான் பாக்கணும்."

வரிசை முழுவதும் என்னைப் பார்த்தது. எல்லோரும் காத்திருந்து சலித்த முகங்கள். என்னைப் பார்த்ததும் அத்தனை முகத்திலும் ஒரு சிரிப்பு. முன்னால் நின்ற ஒரு பெண் என் கையையே பிடித்துவிட்டார்.

"அப்பிடியா தாயீ? நீ வந்தப்பெறகு எங்களுக்குச் சிலிண்டர் சீக்கிரம் அனுப்பிவிடணும். கைப்பிள்ளய வச்சுக்கிட்டு வெறகடுப்புல ஊதி ஊதி நெஞ்சு வலிக்கி."

அந்தக் கையை உதற எனக்குத் தெரியவில்லை. சரி என்று தலையாட்டினேன். அத்தனை பேருக்கு முன்னால், என் கல்யாணத்துக்கு நான் சொன்ன சம்மதம் அதுதான். அம்மா ரேஷன் கார்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு டீயைக் குடித்தாள். வேறு என்ன செய்வாள்?

அதற்குப் பிறகு எதையும் தடுக்க முடியவில்லை. அந்த வாரமே அத்தை பூவும் பழமுமாக வந்து நாள் குறித்துவிட்டுப் போனார். அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அக்காவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டார். மதுரைக் கல்லூரிக்கான விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தேன், அதை நிரப்பவே இல்லை. கல்யாணத்தில் நான் நன்றாகத்தான் சிரித்திருக்கிறேன். ஆல்பத்தைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள்.

பி.காம். படித்த பெண் வீட்டில் சும்மா இருக்கலாமா என்று, கல்யாணம் முடிந்த கையோடு என்னை ஏஜென்சி கல்லாவில் உட்கார வைத்தார்கள். மாமா பக்கத்தில் ஈஸிசேரில் சாய்ந்து பேப்பர் படிப்பார். என் கணவர் குடோனில் இருப்பார், மதியம் சாப்பாட்டுக்கு வருவார், அதிர்ந்து ஒரு சொல் சொல்ல மாட்டார். நாளெல்லாம் வரிசை வந்துகொண்டே இருக்கும். பதிவது, ரசீது எழுதுவது, இன்னும் லோடு வரவில்லை என்று பதில் சொல்வது என்று பொழுது போனது.

ஒருநாள் அந்த வரிசையின் கடைசியில் அம்மா நின்றிருந்தாள். "உள்ள வாம்மா" என்று கூப்பிட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, தன் முறை வரும்வரை நின்றே வந்தாள். வந்ததும் ரேஷன் கார்டை என் முன்னால் வைத்தாள்.

"கேஸ மாத்தணும்த்தா."

மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"போட்டுக் குடு மருமகளே. தங்கச்சி எங்க வேணும்னாலும் வாங்கிக்கிடட்டும். அதுல என்ன இருக்கு?"

அதில் ஒன்றுமே இல்லை. இனிமேல் ஒன்றுமே இல்லை. நான் அம்மா பக்கம் குனிந்து, "இப்ப எதுக்கும்மா?" என்றேன்.

"பிள்ளயக் குடுத்த வீட்ல ஓசி கேஸ் வாங்கி எரிக்கக் கூடாது. கேவலம்." அவள் என் முகத்தைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அடுத்தவுக நிக்காக. சட்டுனு குடுத்தா."

கார்டைத் தூக்கி எறிந்துவிட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு போ என்று அவள் சேலையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. அம்மாவின் மேல் அப்படி ஒரு பொறாமை எனக்கு அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை. முத்திரையை ரத்து செய்து, கையெழுத்துப் போட்டு, கார்டை நீட்டினேன். அவள் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனாள்.

நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.