கண்ணில் ஒற்றிக்கொண்ட படிகம்

ஆயுத பூஜையன்று மகளின் ஆராய்ச்சிக்கே சந்தனம் வைத்த மேதை நான்.

புரதம்போல வேதிவினை நடத்தும் ஓர் ஆர்.என்.ஏ.வின் உருவத்தை எக்ஸ்ரேயில் பார்க்க, ஒரு தட்டின் நீர்த்துளிகளில் மாதக்கணக்காகப் படிகம் வளர்த்திருந்தாள். மறுநாள் எக்ஸ்ரே எடுக்கும் ஆய்வுக்கூடத்துக்குப் பயணம் என்பதால் தட்டு எங்கள் வில்லியனூர் வீட்டில் இருந்தது. ஸ்கூட்டருக்கும் அரிவாள்மனைக்கும் பொட்டு வைத்த கையோடு, தட்டின் மூடிக்கும் வைத்தேன். பிறகு அதைத் திறந்து, ஒவ்வொரு துளியையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

"இன்னாப்பா பண்ணிட்ட! தொட்டியா?" அலறினாள்.

"கை கழுவிட்டுத்தாம்மா தொட்டேன்."

"கழுவுனா போவாதுப்பா. ஆர்.என்.ஏ.வை வெட்டுற புரதம் மனுஷன் வெரல்லயே இருக்குது. எல்லாம் போச்சு."

திகைத்துப்போய் விரலைப் பார்த்தேன். இத்தனை வருடம் என்னோடு சோறு தின்ற விரலில் இப்படியொரு கத்தியா!

அடுப்படியிலிருந்து மனைவி சொன்னாள்: "வூட்ல ஒரு வெங்காயம் அரிஞ்சித் தராத வெரலு, அங்க போயி அரிஞ்சிருக்குது பாரு."