பெட்டிக்குள் பல்லி

என் பழைய கம்ப்யூட்டருக்குள் 'டிக் டிக்' என்று சத்தம் கேட்டபோது, உள்ளே பல்லி சொல்கிறது என்று நினைத்த மடையன் நான். பஞ்சாங்கத்தில் பலன் பார்த்தேன். நல்ல சேதி வரும் என்று போட்டிருந்தது. பத்து நாள் அந்தச் சத்தத்தோடு சந்தோஷமாக ஓட்டினேன். பதினோராம் நாள் திரையில் ஒன்றும் வரவில்லை. மறைந்த என் மனைவியின் படங்கள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. வேறு பிரதி கிடையாது.

தச்சநல்லூரில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர் ஒல்லியான மனிதர். ஸ்க்ரூடிரைவர் முனையை ஹார்ட் டிஸ்க் மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து, நாடி பார்க்கும் வைத்தியர் போலக் கண்ணை மூடிக் கேட்டார்.

"எத்தன நாளா சத்தம் கேக்கு?"

"பத்து நாளா. பல்லின்னு நெனச்சேன், அண்ணாச்சி."

இதற்குச் சிரிக்காத ஆள் இவர் ஒருவர்தான்.

"மொத நாளே அணைச்சிருந்தா படத்த எடுத்திருக்கலாம் வே."

புது டிஸ்க்கை மாட்டினார். பழையதை மறுபடி மறுபடி இணைத்துப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் ஸ்க்ரூடிரைவர் காதுக்குப் போனது. என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"பல்லி இப்ப என்ன சொல்லுது, அண்ணாச்சி?" என்று இளித்தேன்.

அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"அது பேச்ச நிறுத்திட்டுது வே."