மூச்சைப் பிடித்த பப்பாளி

எங்கள் மாமா எக்ஸ்ரே எடுப்பவர். எதையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தால்தான் அவருக்கு நம்பிக்கை வரும். மாடித் தொட்டியில் வளர்த்த பப்பாளியின் அடி இலைகள் மஞ்சளானதும், ஒன்றைக் கிள்ளிச் சூரியனுக்கு நேராகப் பிடித்தார்.

"நரம்பெல்லாம் சுத்தமா இருக்கு. தண்ணிதான் பத்தல" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, வாளி வாளியாக ஊற்றினார். மருந்துக்குக்கூட மண்ணைத் தொட்டுப் பார்க்கவில்லை. ஊற்ற ஊற்ற இலைகள் இன்னும் பழுத்தன. மனிதர் அசரவில்லை. அடுத்த இலையைக் கிள்ளும்போது, தொழில் பழக்கத்தில் செடியிடமே, "அசையாதீங்க, மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றார்.

அத்தை பொறுமையிழந்து தொட்டிக்குள் விரலை விட்டாள். உள்ளே ஒரே சேறு.

"வேரெல்லாம் தண்ணியில முங்கிக் கிடக்கு. பாவம், நீங்க சொன்ன மாதிரியே மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. விடலாம்னு இன்னும் சொல்லவே இல்லையே நீங்க!"