முப்பதாம் நோன்பும் மூணாறு பஸ்ஸும்

கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் சாக்கு வியாபாரம் செய்த கமால் ராவுத்தர் ஐம்பது வயதுவரை பொள்ளாச்சியைத் தாண்டியவரில்லை. ஆனால் எந்த ஊருக்கு எந்த பஸ் எப்போது கிளம்பும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். பஸ் கம்பெனிக்காரர்கள் அச்சடித்துக் கொடுத்த டயம் நோட்டீஸ்களில் ஊரார் பொட்டலம் மடித்தார்கள். இவர் பசை தடவிக் கடைச் சுவரில் ஒட்டிவைத்தார். "நாம இங்க சாக்கு உதறிட்டிருக்கற இதே நேரத்துக்கு ஆலுவாயில ஒரு பஸ் கெளம்புதுங்க. அதை முன்கூட்டியே காயிதத்துல போட்டுட்டானுங்க பாருங்க!" என்று வருகிறவர்களிடமெல்லாம் வியந்து போவார். வந்தவர்களுக்கோ சாக்கில் ஓட்டை இருக்கிறதா என்பதுதான் கவலை.

அவர் மனைவி ஹவ்வாவுக்கு மாலைக்கண். பொழுது சாய்ந்தால் சுவரைத் தடவித்தான் நடப்பாள். போன வருஷத்திலிருந்து பகலிலும் பார்வை ஓரங்களில் மங்கத் தொடங்கியிருந்தது. முழுக்க அணைந்துவிடும், எப்போது என்று சொல்ல முடியாது என்று வைத்தியர் கையை விரித்துவிட்டார். அன்று ராத்திரி அவள் அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள். "ஏனுங்க, மூணாத்து ரோட்டுல மலை மேலிருந்து தண்ணி தானா உழுகுதாமே, நெசமுங்களா? யாரும் எறைக்காமயா?"

கிணற்றின் அடியில் கிடக்கும் தண்ணீரைக் கயிறு தேய இழுத்தே வளர்ந்தவளுக்கு அது நம்பமுடியாத சங்கதி. மறுநாளே ராவுத்தர் நோட்டீஸ்களைச் சுவரிலிருந்து உரித்துச் சாக்கு மேல் பரப்பி உட்கார்ந்துவிட்டார்.

பாலக்காடு, திருச்சூர், ஆலுவாய் என்று மூன்று இடத்தில் பஸ் மாற வேண்டும். ஆலுவாயில் ஹவ்வாவின் தம்பி கடை வைத்திருந்தான். பெருநாளுக்கு வரச்சொல்லி வருஷா வருஷம் அழைப்பவன். அங்கிருந்து மலையேறும் பஸ்களில் ஒன்றுதான், அதுவும் வாரத்தில் ஒரு நாள்தான், வெயில் இருக்கும்போதே அருவியைத் தாண்டியது. இருபத்தொன்பதாம் நோன்பன்று ஆலுவாய் போய்ச் சேருவது, அன்று பிறை பார்ப்பது, மறுநாள் பெருநாள் தொழுகை, வயிறாரச் சாப்பாடு, மதிய பஸ். சோழி உருட்டியது போல எல்லாம் சரியாக விழுந்தது. ராவுத்தர் தம் முதுகைத் தாமே தட்டிக்கொள்ளாத குறை.

"பொறைக்கு யாருங்க டயம் போட்டது?" என்றாள் ஹவ்வா.

"இந்த வருசம் இருபத்தொம்பதுதான் புள்ள. எழுதி வச்சுக்கோ."

அவர் எழுதி வைத்தது போல நிலா நடந்துகொள்ளவில்லை. ஆலுவாயில் மைத்துனன் வீட்டார் முழுவதும் ஆற்றங்கரையில் அண்ணாந்து நின்றதுதான் மிச்சம். பிறை தெரியவில்லை. மறுநாள் முப்பதாவது நோன்பு. பஸ்ஸில் இடம் சொல்லியாயிற்று. இன்னொரு வாரம் காத்திருக்கக் கொழிஞ்சாம்பாறைச் சந்தை விடாது.

"பிரயாணத்துல நோன்ப விடலாம், பொறவு புடிச்சுக்கலாம். நீ ஒரு வாய் சாப்புடு" என்று கெஞ்சினார்.

"கடைசி ஒண்ணுல போயி விடறதுங்களா? வாங்க போலாம்."

அவரும் அவளோடு நோன்பிருந்தார்.

பெரியாற்றின் புதுப் பாலத்தைத் தாண்டியதும் காடு ஆரம்பித்தது. மரங்கள் பஸ்ஸுக்கு மேலே கை கோத்து நின்றன. ராவுத்தர் வாயைப் பிளந்தார். வெறும் ஊர்ப் பெயராக நோட்டீஸில் படித்த இரண்டு வரிகளுக்கு நடுவே இத்தனை பெரிய மலை உட்கார்ந்திருக்கிறது என்று யார் கண்டது! ஹவ்வாவின் தலையை இரு கையாலும் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டினார்.

கெட்ட நேரம், பாதி ஏற்றத்தில் இஞ்சின் சூடேறி ஆவி கக்கியது. அது ஆறும்வரை பஸ் நின்றது. மறுபடி கிளம்பியபோது வெயில் மரங்களின் உச்சிக்குப் போய்விட்டது.

"இன்னும் எவ்வளவு தூரமுங்க?"

"தா, வந்துருச்சு."

பொய். அது அவளுக்கும் தெரியும். முன்சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்த அவள் விரல்கள் இறுகின. ராவுத்தர் மனசுக்குள் சூரியனிடம் கெஞ்சினார். இதில் இன்னொரு கூத்தும் இருந்தது. நோட்டீஸில் அருவியிடம் நிறுத்தமே கிடையாது. கண்மூடித் திறப்பதற்குள் பஸ் தாண்டிவிடும். வெயிலைக் கணக்குப் போட்ட மனுஷர் இதை யோசிக்கவே இல்லை.

ஆனால் பஸ் நின்றது. டிரைவர் அலவி மலையாளத்துக்காரர், அவரும் நோன்பாளி. சூரியன் அப்போதுதான் இறங்கியிருந்தது. "நோம்பு தொறக்கான் நேரமாயி. எஞ்சினும் குடிக்கட்டே, நம்மளும் குடிக்காம்" என்று இஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கத் தகர டின்னோடு இறங்கினார்.

ராவுத்தர் ஹவ்வாவைக் கைப்பிடித்து இறக்கினார். முதலில் இரைச்சல் வந்தது. பிறகு முகத்தில் சாரல். வானத்தில் மிச்சமிருந்த சிவப்பில், கரும்பாறை முழுக்க வெள்ளையாக, ஆள் மேல் ஆள் மேல் ஆள் நின்றாலும் எட்டாத உயரத்திலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. கயிறில்லை, சால் இல்லை, மாடில்லை. அந்த வெள்ளை ஹவ்வாவின் கண்ணுக்கும் எட்டியது. இரு கைகளையும் குவித்து ஏந்தி, அந்தத் தண்ணீரிலேயே நோன்பு திறந்தாள்.

"யா அல்லா" என்றாள். "யாருக்காகங்க இத்தனை?"

அவர் தேம்பிக்கொண்டிருந்தார்.

வெள்ளை அவள் கண்ணில் மெல்ல மங்கி, இரைச்சல் மட்டும் மிஞ்சியது. அப்போது பின்னால் பள்ளத்தாக்குப் பக்கம் அலவி கத்தினார். "பிற! பிற கண்டு!" பஸ்ஸிலிருந்தவர்களெல்லாம் இறங்கி ஓடினார்கள். ராவுத்தர் ஹவ்வாவின் தோளைப் பிடித்து மேற்கே திருப்பினார். மலைகளுக்கு மேலே நகக்கீற்றாய்ப் பிறை.

"தெரியுதா புள்ள? அந்த மரத்துக்கு மேல."

அவள் அவர் கையை விலக்கிவிட்டு, நனைந்த முகத்தோடு அருவிப் பக்கமே திரும்பிக்கொண்டாள்.

"எனக்கு இருட்டிருச்சுங்க. பொறைய நீங்க பாருங்க. நான் பாக்க வந்ததப் பாத்துட்டேன்."