மஞ்சள் கலந்த தண்ணீர்

மண்ணைப் பற்றி மீனம்பாளுக்குத் தெரிந்த அளவு செஞ்சிக் கடைத்தெருவில் ஒருவருக்கும் தெரியாது. பத்து வயதிலிருந்து ஏரிக்கரைக்கு மண் சுமந்தவள். கரையில் கசிகிற தண்ணீர் தெளிவாக வந்தால் பயமில்லை. கலங்கி வந்தால் உள்ளே கரை அரிக்கிறது என்று அர்த்தம். அன்று மத்தியானம் ஏரிக்கரைமேல் ஊரார் நட்டுக் கும்பிட்ட கன்னிக்கல்லின் அடியில் ஊறிய தண்ணீர் மஞ்சளாகக் கலங்கி வந்தது.

கூடியிருந்த பெண்களோ கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "கன்னி மஞ்சள் பூசிக் குளிக்கிறாடி!" என்று குடம் குடமாகப் பிடித்தார்கள். தீர்த்தமாம்!

அந்தக் கன்னி வேறு யாருமில்லை, மீனம்பாளின் மகள் சின்னப்பொண்ணு. இரண்டு வருஷத்துக்கு முன்னால், அறுபத்தாறாம் வருஷத்துப் புயல் மழையில் கரை உடைந்தது இதே இடத்தில்தான். பதினோரு பேர் போனார்கள். தண்ணீர் வடிந்தபோது அந்த ஒன்பது வயசுப் பெண் உடைப்பின் வாயில் குறுக்கே கிடந்தாள். ஊரைக் காப்பாற்றத் தானே குறுக்கே படுத்தாள் என்று யாரோ சொன்னார்கள். ஒரு மாதத்தில் ஊரே சொன்னது. அடைத்த கரையின் மேல் கல் நட்டார்கள். கன்னி இருக்கிற இடத்தில் கால் படக்கூடாது என்று அங்கே மட்டும் திமிசு போட்டு மண்ணை இறுக்காமலே விட்டார்கள். எப்பேர்ப்பட்ட புத்திசாலிகள்!

உண்மையில் சின்னப்பொண்ணு கரையடியில் கட்டியிருந்த ஆட்டை அவிழ்க்கப் போனாள். அனுப்பியது மீனம்பாள். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஊர்க் கதைதான் இரண்டு வருஷமாக அவளைச் சோறு தின்ன வைத்தது.

"கல்லப் பேத்துட்டு மண்மூட்டை போடணுங்க. கரை உள்ள அரிக்குது," என்றாள், அரிசி மண்டி சிங்காரவேலுவிடம். கல் நடச் செலவு செய்தவர் அவர்.

"இன்னா பேசற நீ? பெத்தவ பேசற பேச்சா இது? அவ இருக்கச்சே கரை உடையுமா?"

"ஏரி ரொம்பி நிக்குதுங்க. கடைத்தெரு மொத்தமும் கீழ இருக்குது."

"கல்லுல கை வச்சா நடக்கறதே வேற!"

நாலைந்து பேர் கல்லைச் சுற்றி நின்றுகொண்டார்கள். அவர்கள் காலடியில் ஒரு கூடை மண் பொத்தென்று சரிந்தது. இனிமேல் சொல்லிப் புரிய வைக்க நேரமில்லை. ஆட்டுக் கதையைச் சொன்னால் மகள் சாமியாக இருப்பது போய்விடும். அதுகூடப் பரவாயில்லை, யாரும் நம்ப மாட்டார்களே!

மீனம்பாள் தலைமுடியை அவிழ்த்தாள். ஒரு குடத்தைப் பிடுங்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆடினாள். செத்துப்போன மகளின் கீச்சுக் குரல் தன் தொண்டையிலிருந்து வந்தபோது அவளுக்கே உடம்பு கூசியது.

"மூச்சு முட்டுதுடா சிங்காரவேலு! என்னை மேட்டுக்குத் தூக்கினு போ! இங்க மண்ணப் போட்டு மூடு!"

அதுவரை அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்த மனிதர் தடாலென்று காலில் விழுந்தார். கல் பெயர்ந்தது. ஆண்கள் வைக்கோலும் களிமண்ணும் மண்மூட்டையும் சுமந்து கொட்டி மிதித்தார்கள். கலங்கிய கசிவு நிற்பதற்கு விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது. அதுவரை ஆட்டத்தை நிறுத்த அவளுக்குத் தைரியம் வரவில்லை.

நடுவில் சிங்காரவேலுவின் மனைவி உண்ணாமலை வந்து அவள் காலைக் கட்டிக்கொண்டாள். அதே வெள்ளத்தில் நாலு வயசு மகனைப் பறிகொடுத்தவள்; உடல்கூடக் கிடைக்கவில்லை.

"தாயே, எம் புள்ள உங்கூட இருக்கானா?"

தெரியாது என்று சொன்னால் சந்தேகம் வரும், வேலை நின்றுபோகும்.

"இருக்கான். எங்கூடத்தான் விளையாடினு இருக்கான்."

இரவெல்லாம் அந்தப் பொய் அவளைத் தூங்க விடவில்லை. விடிந்ததும் எல்லாவற்றையும் சொல்லி அழுதுவிடுவது என்று கிளம்பினாள். வாசலில் உண்ணாமலை நின்றிருந்தாள். மண் சுமக்கிறவர்கள் குடியிருக்கும் அந்தத் தெருவில் அவள் கால் வைத்தது அதுதான் முதல் முறை. முந்தானைக்குள்ளிருந்து ஒரு சின்னக் கம்பளிச் சட்டையை எடுத்தாள்.

"தண்ணிக்குள்ள குளிரும் இல்ல? உம் பொண்ணுகிட்ட குடு. அவனுக்குத் தானா போட்டுக்கத் தெரியாது. அவளையே பொத்தான் போட்டு வுடச் சொல்லு."

மீனம்பாள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"சொல்றேம்மா. அவ நல்லாப் போட்டு வுடுவா."